மூடலாமா, தேதி குறிக்கலாமா, சீட்டு கொடுக்கலாமா? கடலோரப் பாறையேற்றக் கட்டுப்பாடுகளில் எது வேலை செய்கிறது

வேல்ஸின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது பெம்ப்ரோக்‌ஷயர் கடற்கரை. சுண்ணாம்புக்கல் பாறை மேலிருந்து கடல் வரை செங்குத்தாக இறங்கும். பிரிட்டனில் கயிறு கட்டிப் பாறை ஏறுகிறவர்களைக் கேட்டால், நாட்டிலேயே நல்ல கடற்பாறை இதுதான் என்று பலர் சொல்வார்கள். அதே பாறையில்தான் கில்லிமாட், ரேசர்பில் என்ற கடற்பறவைகள் குஞ்சு பொரிக்கின்றன. பொரி வல்லூறும் அங்கேதான் கூடு வைக்கிறது. சிவந்த அலகும் சிவந்த காலும் உள்ள சஃப் என்ற காக்கை இனமும் உண்டு. ஏறுகிறவர்களுக்குப் பிடித்த மாதங்கள் ஏப்ரல், மே, ஜூன். பறவைகளுக்கும் அதே மாதங்கள்தான். பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது.

இந்த மாதிரி ஒரு பாறைக்கு என்ன விதி போடலாம் என்று முடிவு செய்யும் பொறுப்பு உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடைமுறையில் இருக்கும் வழிகள் ஐந்து. ஆண்டு முழுக்க மூடிவிடுவது, தேதி குறித்து மூடுவது, அந்த வருடம் பறவை எங்கே இருக்கிறது என்று பார்த்து மூடித் திறப்பது, சீட்டு கொடுத்து அல்லது எண்ணிக்கை வைத்து அனுமதிப்பது, கடைசியாக எதுவும் செய்யாமல் ஏறுகிறவர்களின் மனசாட்சிக்கு விட்டுவிடுவது. ஐந்தும் எங்காவது ஓரிடத்தில் நடக்கின்றன. எந்த விதி நல்லது என்ற கேள்விக்கு என்னிடம் பொதுவான பதில் இல்லை. அந்தப் பாறையில் எந்த உயிரினம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். அதைப் பார்க்காமல் போட்ட விதிகளைத்தான் யாரும் மதிப்பதில்லை.

மனசாட்சி வழியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், கேட்க மிக நியாயமாக இருப்பது அதுதான். "ஏறுகிறவர்கள் இயற்கையை நேசிப்பவர்கள், கூட்டைக் கண்டால் திரும்பி வந்துவிடுவார்கள்" என்பது வாதம். உள்நாட்டுப் பாறை என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். அங்கே கீழே நின்று அண்ணாந்து பார்க்கலாம், பறவை கத்தினால் பத்தடி இறங்கி வேறு பக்கம் போய்விடலாம்.

கடற்பாறையில் நிலைமை தலைகீழ். அங்கே மேலிருந்து கயிற்றில் இறங்கித்தான் அடிவாரத்துக்கே போக முடியும். வெளியே வர இருக்கும் சாதாரண வழி மேலே ஏறுவது மட்டும். பெம்ப்ரோக்கில் ஹண்ட்ஸ்மன்ஸ் லீப் என்று ஓர் இடம் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லில் கத்தியால் கீறியது போன்ற குறுகலான பிளவு. வேட்டைக்காரன் ஒருவன் குதிரையில் அதைத் தாண்டிவிட்டு, திரும்பிப் பார்த்த பயத்திலேயே செத்துப்போனான் என்று ஊரில் கதை சொல்வார்கள். அந்தப் பிளவின் அடிக்குக் கடல் வற்றும் நேரம் பார்த்துத்தான் இறங்க வேண்டும். இறங்கிய பிறகு அலை ஏறத் தொடங்கும். முதலில் ஏறுகிறவர் முப்பது மீட்டர் உயரத்தில் இருக்கிறார், துணைக்கு வந்தவர் கீழே ஈரக்கல்லில் கயிறு விட்டுக்கொண்டு நிற்கிறார். அப்போதுதான் ஒரு விளிம்புக்குப் பின்னாலிருந்து வல்லூறு கிளம்பி, கக்-கக்-கக் என்று கத்தியபடி வட்டமடிக்கிறது என்று வையுங்கள். என்ன செய்வார்? கீழே கடல். மேலே கூடு. அவர் எவ்வளவு நல்லவர் என்பதற்கும் அடுத்து நடக்கப்போவதற்கும் சம்பந்தமே இல்லை. ஏறித்தான் ஆக வேண்டும். இருவரும் மேலே வந்து சேர ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஆகலாம். அவ்வளவு நேரமும் முட்டை குளிர்காற்றில் கிடக்கும்.

அதனால் கடற்பாறையில் "பார்த்துவிட்டு முடிவு செய்வோம்" என்பது செல்லாது. கயிற்றை மேலே கட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மனசாட்சி வழி எனக்கு இந்த ஒரு காரணத்தாலேயே அடிபட்டுப்போகிறது.

சரி, அப்படியானால் ஒரேயடியாக மூடிவிடலாமே? அதிகாரிக்கு இதைவிட எளிதான வழி கிடையாது. பறவையைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டாம். ஒரு பலகை நட்டால் போதும். ஆனால் கில்லிமாட் அந்தப் பாறையில் ஆண்டு முழுக்கக் குடியிருப்பதில்லை. ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ மொத்தக் கூட்டமும் கடலுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு பல மாதங்கள் விளிம்புகளில் எச்சம் மட்டும்தான் இருக்கும். காலிப் பாறையில் ஏறாதே என்று சொன்னால், சொன்னவரின் மற்ற பேச்சையும் யாரும் கேட்கமாட்டார்கள்.

கண்காணிப்பையும் யோசிக்க வேண்டும். கடற்பாறை கரையிலிருந்து கண்ணுக்கே தெரியாது. மேலே நடைபாதையில் போகிறவருக்குப் புல்வெளி தெரியும், கடல் தெரியும். நடுவில் தொங்குகிற ஆள் தெரியமாட்டார். அந்த நீளக் கரை முழுவதையும் கண்காணிக்கக் காவலர் போட எந்த தேசியப் பூங்காவிடமும் பணம் இல்லை. எனவே எந்த விதியானாலும் அதைக் காப்பாற்றப் போகிறவர்கள் ஏறுகிறவர்கள்தான். அவர்களைப் பகைத்துக்கொண்டு போடும் தடை காகிதத்தில் மட்டும் இருக்கும். திருட்டுத்தனமாக ஏறுகிறவர், "அந்த விளிம்பில் ஒரு புதுக் கூடு பார்த்தேன்" என்று யாரிடமும் வந்து சொல்லவும் மாட்டார்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். பெம்ப்ரோக் பாறைகளில் பெரும்பகுதி காசில்மார்ட்டின் என்ற ராணுவப் பயிற்சித் திடலின் ஓரத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரை ஒட்டி எடுத்த நிலம். இன்றும் டாங்கிகள் சுடுகின்றன. சுடும் நாட்களில் யாரும் உள்ளே போக முடியாது. கட்டடம் எழும்பவில்லை, தீவிர விவசாயமும் வரவில்லை. விளைவு, அந்தக் கரையில் காட்டுயிர்கள் நன்றாகவே தப்பித்திருக்கின்றன. "பாருங்கள், முழுத் தடைதான் காப்பாற்றியது" என்று இதைக் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே பெரிதாகத் தடுக்கப்பட்டவை உழவும் செங்கல்லும். கயிற்றில் தொங்கும் நாலு பேரைத் தடுத்ததால் வந்த பலன் என்று அதைச் சொல்ல முடியாது.

இனி தேதித்தடை. பிரிட்டனில் பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான். பிரிட்டிஷ் மலையேற்றக் கவுன்சில் என்ற அமைப்பு 1944-இலிருந்து இருக்கிறது. பறவைப் பாதுகாப்புச் சங்கம், தேசியப் பூங்கா, நில உரிமையாளர்கள் ஆகியோருடன் பேசி, எந்தப் பாறையை எப்போது விட்டுவிடுவது என்று ஒப்புக்கொண்டு, பட்டியலை இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். ஆங்கிள்சி தீவின் சவுத் ஸ்டாக் பகுதியில் பறவை இருக்கும் சுவர்களுக்கு பிப்ரவரி 1 முதல் ஜூலை 31 வரை ஏறத் தடை. டோர்செட்டின் ஸ்வானேஜில் மார்ச் 1 முதல் ஜூலை 31. லண்டி தீவில் ஏப்ரல் 1 முதல் ஜூலை 31. பெம்ப்ரோக்கில் மார்ச்சில் தொடங்கி, பாறையைப் பொறுத்து ஜூலை கடைசியோ ஆகஸ்டோ வரை போகும்.

கவனித்தால், தடை ஊருக்கோ கரைக்கோ போடப்படவில்லை. இந்தச் சுவர், அந்தப் பிளவு என்று தனித்தனியாகப் போடப்பட்டிருக்கிறது. மே மாதம் போனாலும் அதே கரையில் ஏற வேறு பாறைகள் நிறைய இருக்கும். இந்த ஏற்பாடு இத்தனை காலம் ஓடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பேன். "இங்கே வேண்டாம், அங்கே போ" என்று சொல்ல முடிகிற இடத்தில் சண்டை பாதி குறைந்துவிடும்.

கில்லிமாட்டுக்குத் தேதித்தடை ஏன் சரியாகப் பொருந்துகிறது என்பதற்கு அந்தப் பறவையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பெம்ப்ரோக்கில் அதற்கு வசதியும் உண்டு. ஸ்டாக் ராக்ஸ் என்ற இடத்தில் கடலுக்குள் இரண்டு கல்தூண்கள் தனியாக நிற்கும். மேலே கரையில் நின்றே பறவைகளைப் பார்க்கலாம், வாசம்கூட வரும். கில்லிமாட் கூடு கட்டாது. வெறும் கல்விளிம்பில் ஒரே ஒரு முட்டை. பக்கத்துப் பறவையின் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கும். முட்டை ஒரு பக்கம் கூர்மையாக, பேரிக்காய் வடிவில் இருக்கும். அமைதியாக இருக்கும் வரை ஒன்றும் ஆகாது. தலைக்கு மேலே கயிறு ஆடினாலோ திடீரென்று ஓர் ஆள் எட்டிப் பார்த்தாலோ, மொத்த வரிசையும் ஒரே நேரத்தில் கிளம்பும். கிளம்பும் வேகத்தில் காலில் பட்டு முட்டைகள் விளிம்பைத் தாண்டும். மிச்சத்தைக் கடற்காகங்கள் பார்த்துக்கொள்ளும். மூன்று வாரக் குஞ்சு பறக்கத் தெரியாமலேயே பாறையிலிருந்து கடலுக்குக் குதிக்கும், தந்தைப் பறவை கீழே தண்ணீரில் இருந்து அதைக் கூட்டிக்கொண்டு போகும். அது குதித்து முடியும் வரை அந்தச் சுவரில் யாருக்கும் வேலை இல்லை.

இந்தப் பறவை இடம் மாற்றாது. போன வருடம் இருந்த அதே விளிம்புக்கு இந்த வருடமும் வரும். காலமும் பெரிதாக மாறாது. அதனால் நிரந்தரத் தேதி போதும். ஆள் வைத்துக் கண்காணிக்கத் தேவையில்லை, ஒவ்வொரு வருடமும் பேசவும் தேவையில்லை. செலவு கிட்டத்தட்ட இல்லை.

பொரி வல்லூறுக்கு இதே விதியைப் போட்டால் சொதப்பும். ஒரு ஜோடிக்கு ஒரு பெரிய பாறை முழுக்க எல்லை. அதற்குள் கூடு இந்த வருடம் இந்த மூலை, அடுத்த வருடம் நூறு மீட்டர் தள்ளி. சில வருடம் வராமலும் போகலாம், முட்டை கெட்டு ஏப்ரலிலேயே கைவிட்டுவிடவும் செய்யலாம். நிரந்தரத் தேதி போட்டால் கூடு இல்லாத சுவர் ஐந்து மாதம் மூடிக் கிடக்கும், கூடு இருக்கிற சுவர் திறந்திருக்கும். இரண்டும் கெடுதல். இங்கேதான் மூன்றாவது வழி, அதாவது பார்த்து மூடித் திறக்கும் வழி தேவைப்படுகிறது. பருவத் தொடக்கத்தில் சந்தேகமுள்ள சுவர்கள் எல்லாவற்றையும் மூடிவிடுவது, கூடு எங்கே என்று தெரிந்ததும் மற்றவற்றைத் திறந்துவிடுவது, குஞ்சு பறந்ததும் அதையும் திறப்பது.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் அகேடியா தேசியப் பூங்கா கடலோரத் தீவில் இருக்கிறது. அங்கே ப்ரெசிபிஸ் என்ற பாறைமுகம் வல்லூறுகளுக்காக ஒவ்வொரு வசந்தத்திலும் மூடப்படும். பெரும்பாலும் ஆகஸ்ட் நடு வரை மூடியிருக்கும், குஞ்சுகள் சீக்கிரம் பறந்துவிட்டால் முன்னாலேயே திறப்பார்கள். அது ஒப்பந்தம் இல்லை, சட்டம். இன்னொரு காரியமும் செய்கிறார்கள், எனக்கு அது மிகவும் பிடித்தது. மூடிய பாதையின் வாசலிலேயே தொலைநோக்கி வைத்து, வருகிறவர்களுக்கு வல்லூறைக் காட்டுகிறார்கள். எதற்காக மூடியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டவன் பலகையைத் தாண்டிப் போகத் தயங்குவான்.

இந்த மூன்றாவது வழியின் பலவீனம் செய்தி. யாராவது போய்ப் பார்க்க வேண்டும், பார்த்ததை உடனே எழுதிப் போட வேண்டும், ஏறுகிறவர் கிளம்பும் முன் அதைப் படிக்க வேண்டும். லண்டனிலிருந்து பெம்ப்ரோக்குக்கு ஐந்து மணி நேரக் கார்ப் பயணம். வெள்ளிக்கிழமை இரவு "திறந்தாகிவிட்டது" என்று படித்துவிட்டு வந்தவரிடம் சனிக்கிழமை காலை "இல்லை, இன்னும் இரண்டு வாரம்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதனால் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நிபந்தனை வைப்பேன். முதலில் அறிவிக்கும் கடைசித் தேதி தாராளமாக, தள்ளியே இருக்கட்டும். அதற்குப் பிறகு வரும் மாற்றம் எல்லாம் முன்கூட்டித் திறப்பதாகவே இருக்க வேண்டும். எதிர்பாராமல் விடுமுறை கிடைத்தால் யாரும் கோபப்படமாட்டார்கள். எதிர்பாராமல் நீட்டித்தால் அடுத்த வருடம் பட்டியலையே பார்க்கமாட்டார்கள்.

இங்கே சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனின் 1981 காட்டுயிர், நாட்டுப்புறச் சட்டத்தில் வல்லூறும் சஃப்பும் முதல் அட்டவணையில் வருகின்றன. கூட்டில் இருக்கும்போது வேண்டுமென்றோ அலட்சியமாகவோ அவற்றைக் கலைப்பதே குற்றம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆறு மாதம் வரை சிறையும் வரம்பில்லாத அபராதமும் விதிக்க இடம் உண்டு. கில்லிமாட் அந்த அட்டவணையில் இல்லை. கில்லிமாட் சுவருக்கான தடை பெரும்பாலும் ஒப்புக்கொண்ட கட்டுப்பாடு என்ற அளவில்தான் நிற்கிறது. ஆனால் வல்லூறு விஷயத்தில், பட்டியலில் எழுதிப் போட்ட பிறகு ஏறுகிறவர் "எனக்குத் தெரியாது" என்று சொல்வது கடினம். இணையத்தில் போடும் அந்த ஒரு வரி, ஒப்பந்தத்துக்குப் பின்னால் சட்டத்தையும் நிறுத்திவிடுகிறது.

சீட்டு முறையை வேகமாகப் பார்த்துவிடலாம். காசில்மார்ட்டின் திடலின் மேற்குப் பகுதியில் ஏற வேண்டுமென்றால், ஆண்டுதோறும் ராணுவம் நடத்தும் விளக்கக் கூட்டத்தில் உட்கார்ந்தாக வேண்டும். வெடிக்காத குண்டு கிடக்கலாம் என்பதுதான் காரணம், பறவை இல்லை. பறவைக் கட்டுப்பாடு அதற்கு மேல் தனியாக வருகிறது. பிரான்சில் மார்சே பக்கத்தில் கலாங்க் தேசியப் பூங்கா 2012-இல் வந்தது. அங்கே சுகிட்டோன் என்ற, பாறைகளுக்கு நடுவில் கடல் நுழையும் குறுகலான இடத்துக்கு 2022 முதல் கோடைக்காலத்தில் ஒரு நாளைக்கு 400 பேர்தான், இலவசமாக முன்பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும். அதற்கு முன் உச்ச நாட்களில் 2,500 பேர் வரை வந்து மிதித்து மண்ணே அரித்துக்கொண்டிருந்தது. அங்கே எண்ணிக்கை வரம்பு சரியான மருந்து, ஏனென்றால் மண் அரிப்பு கால்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. பறவைக்கு அப்படி இல்லை. கூட்டுக்கு மேலே ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்தாலும் கெடுதல்தான், இரண்டு பேர் வந்தாலும் கெடுதல்தான். பறவைப் பாறைக்கு எண்ணிக்கை வரம்பு யோசனை சொல்கிறவர் கூட்டத்தை நினைக்கிறார், கூட்டை நினைக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: அந்த ராணுவக் கூட்டத்தில் உட்கார்ந்து வந்தவர், இந்த இடத்துக்கு விதி உண்டு என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டு வருகிறார். அது இணையப் பட்டியல் செய்யாத வேலை.

இதுவரை எல்லாம் வசந்தகாலக் கதை. பெம்ப்ரோக்கில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் வரை சாம்பல்நிறக் கடல்நாய்கள் குட்டி போடும். பாறை அடியிலுள்ள குகைகளும் சின்னக் கூழாங்கல் மணல்திட்டுகளும்தான் அவற்றின் பிரசவ அறை. பறவைத் தடை முடிந்து ஏறுகிறவர்கள் சந்தோஷமாகக் கயிறு போடும் நேரம் அது. கயிறு இறங்கும் இடம் குட்டிக்குப் பக்கத்தில் என்றால், தாய் தண்ணீருக்குள் போய்விடும். பறவைக்குப் போட்ட காலண்டர் இதற்கு உதவாது. கடல்நாய் குட்டி போடும் அந்த ஒரு சில சிறு குடாக்களுக்கு இலையுதிர்காலத் தேதி தனியாக வேண்டும்.

அப்புறம் செடிகள். பாறை உச்சியிலுள்ள புல்தரை, இடுக்கில் வளரும் கடல் லாவெண்டர் வகைகள், பாறைப்பாசி. இவற்றில் ஓரிரண்டு அந்தக் கரைக்கே உரியவை. செடி ஆகஸ்டில் பறந்துபோகாது. புது ரூட் போடுகிறவர் இடுக்கைச் சுத்தம் செய்யும்போது பிடுங்குவது ஒரு முறை, போவது நிரந்தரம். முழுத் தடையை நான் முழு மனதோடு ஆதரிக்கும் இடம் இது ஒன்றுதான்: சின்னச் சின்ன இடங்கள், ஆண்டு முழுக்க, எந்தச் சலுகையும் இல்லாமல். இடம் சின்னது என்பதால் எதிர்ப்பும் பெரிதாக வராது.

ஏறுகிறவர்கள் தரப்பில் ஒரு குறை இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. "எங்களை மட்டும் ஏன்?" பறவைக் கூட்டத்துக்குக் கீழே சுற்றுலாப் படகு வருகிறது, காயக் வருகிறது, தலைக்கு மேல் ட்ரோன் சுற்றுகிறது, பாறை ஓரமாக நீந்தித் தாவும் கோஸ்டியரிங் குழுக்கள் வருகின்றன. பெம்ப்ரோக்கில் படகுகளுக்கும் காயக்குகளுக்கும் ஒப்புக்கொண்ட கடல் நடத்தை விதி ஒன்று இருக்கிறது என்பது உண்மை. ஆனால் பல கரைகளில் ஏறுகிறவனுக்கு மட்டும் பலகை நட்டிருக்கும். லண்டி தீவின் கதையை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அங்கே பஃபின் என்ற கடற்பறவைகள் கிட்டத்தட்ட ஒழிந்தே போயிருந்தன. 2002-க்கும் 2004-க்கும் இடையில் தீவிலிருந்த எலிகளை ஒழித்தார்கள். பிறகு கடற்பறவைகள் பல மடங்கு பெருகின. அந்தக் காலம் முழுக்கத் தேதித்தடைக்கு உட்பட்டு ஏறுகிறவர்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். அதற்காகத் தேதித்தடையை எடுத்துவிடலாம் என்று அர்த்தமில்லை. ஆனால் முட்டை குறைகிறது என்றதும் முதலில் கயிற்றைப் பார்க்காமல் எலியையும் பார்க்கிற நிர்வாகத்தின் பேச்சுக்கு மரியாதை கூடும்.

ஆக, என் கையில் பேனா கொடுத்தால் ஒரே கரைக்கு நாலு விதமாக எழுதுவேன். கில்லிமாட், ரேசர்பில் சுவர்களுக்கு மாறாத தேதி. வல்லூறுக்கும் சஃப்புக்கும் தாராளமான கடைசித் தேதி, முன்கூட்டித் திறக்கும் வசதியோடு. கடல்நாய் குடாக்களுக்கு இலையுதிர்காலத் தேதி. அரிய செடியுள்ள இடுக்குகளுக்கு நிரந்தரத் தடை. கேட்கச் சிக்கலாக இருக்கும். ஆனால் ஏறுகிறவருக்கு வேண்டியது அன்றைக்கு அவர் போகும் பாறைக்கான ஒரு வரி மட்டும். அலை நேரத்தையும் ரூட்டின் கடினத்தையும் பார்க்காமல் யாரும் கடற்பாறைக்குப் போவதில்லை, அந்த இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக இந்த வரியையும் போடலாம்.

மிச்சம் இருப்பது வல்லூறைப் போய்ப் பார்ப்பது யார் என்ற கேள்வி. பெரும்பாலும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள், அவர்களில் பலரும் ஏறுகிறவர்களே. ஏப்ரல் மாதக் குளிர்காற்றில் எதிர்ப்பக்கப் பாறையில் தொலைநோக்கியோடு உட்கார அந்தப் பகுதியில் ஆள் கிடைக்காவிட்டால், மூன்றாவது வழியைத் தொடவே வேண்டாம். அந்தப் பாறைக்கும் மாறாத தேதியே போட்டுவிடலாம், சில சுவர்கள் வீணாக மூடிக் கிடந்தாலும் பரவாயில்லை.